ஒன்பதாவது வரி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி, காலை நீட்டிக்கலாம். ஒரே ஒரு உதவி. இந்தச் சட்டத்தை ஒரு ஓரத்துல பிடிச்சுக்கோங்க. கண்ணாடி போட்டது. டிரைவர் ஒரு பிரேக் அடிச்சார்னா நேரா முன்சீட்டு அம்மாவோட கொண்டையில போய் இறங்கிடும். ஆங், அப்படித்தான். எழுத்து உங்க பக்கம் பார்த்திருக்கட்டும், சும்மா படிச்சுக்கிட்டே வாங்க. நல்ல தமிழ் படிச்சு உங்களுக்கும் நாளாயிருக்கும்.

நீங்க எது வரைக்கும்... துறையூர்தானே? வாயைத் திறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நான் மண்ணச்சநல்லூர். கண்டக்டர், மண்ணச்சநல்லூர் ஒண்ணு. வந்தா சொல்லுங்க. வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியாத ஊரா.

நான் புலவர் அம்பலக்கூத்தன். கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி, விடுங்க, உங்க தலைமுறைக்குக் காது வேற எங்கேயோ இருக்கு. முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியர். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வாழ்த்து மடல். திருச்சியில எவனுக்குப் பாராட்டு விழா எடுத்தாலும் மடல் நம்மளதுதான். எழுதி, சட்டம் போட்டு, மேடையில நானே வாசிச்சு, கையில குடுத்துட்டு இறங்குவேன். இதுவரைக்கும் இருநூத்திப் பதினாலு. நீங்க பிடிச்சுட்டிருக்கிறது இருநூத்திப் பதினாலாவது.

என்ன தம்பி? எங்கே போறேன்னுதானே கேக்க வர்றீங்க? என் மகன் வீட்டுக்கு. விருந்துக்கா? இல்லை, சண்டைக்கு.

சிரிக்காதீங்க. நூத்தம்பது பேர் கூடியிருந்த மண்டபத்துல, நான் பெத்த மகன், நான் எழுதின மடல்ல ஒரு வரியை முழுங்கிட்டான். மொத்தம் பதினாறு வரி. ஒன்பதாவது வரியை அப்படியே தாண்டிட்டான். 'ஆமாம்ப்பா, உங்க மானத்தை வாங்கிட்டேன், இனிமே மேடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்'னு அவன் வாயால சொல்லணும். அதைச் சொல்ல வெச்சுட்டுத்தான் அவன் வீட்டுல பச்சைத் தண்ணி குடிப்பேன். காலையில ரெண்டு இட்லி எக்ஸ்ட்ராவா சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினேன்.

முதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் நியாயம் யார் பக்கம்னு புரியும். வயலட் ஞானதீபம்னு ஒரு அம்மா. கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்தவங்க. இப்ப எழுபது வயசு. இந்த டிஸ்லெக்ஸியான்னு சொல்றாங்களே, எழுத்தைப் பார்த்தா எழுத்து நெளியும், வாசிக்க வராது, ஆனா மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கும்னு, அந்தப் பிள்ளைங்களுக்காக முப்பது வருஷமா ஊர்ல ஒரு ஆபீஸ் பாக்கியில்லாம ஏறி இறங்கினவங்க. அவங்க தம்பி ஒருத்தர் எட்டாவது மூணு தடவை பெயிலாகி, ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லையாம். அதுலேருந்து ஆரம்பிச்சது.

நல்ல விஷயம்தான், நான் இல்லைங்கலை. ஆனா அவங்க பண்ற விதம் இருக்கே! எந்த ஆபீஸுக்குப் போனாலும் கையில ஒரு மடக்கு ஸ்டூல். உக்காரச் சொல்லமாட்டாங்கன்னு முன்கூட்டியே தெரியுமாம். அதிகாரி அறை வாசல்ல ஸ்டூலை விரிப்பாங்க, உக்காருவாங்க, தூக்கைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடுவாங்க. அதிகாரி வெளியே வந்தா, 'நீங்க போயிட்டு மெதுவா வாங்க சார், நான் இங்கேதான் இருப்பேன்'. அதிகாரி மாற்றலாகிப் போயிட்டா, புதுசா வந்தவர்கிட்ட, 'முன்னாடி இருந்தவருக்கு இந்த ஸ்டூலை நல்லாத் தெரியும் சார், உங்களுக்கும் பழகிடும்'. இப்படியே உக்காந்து உக்காந்து, பரீட்சையில அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா வாங்கினாங்க. சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு ஆள் வாங்கினாங்க. அதெல்லாம் போகட்டும். ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் வாங்கிக் குடுத்தாங்க. தமிழுக்கு விலக்கு தம்பி! என் சோத்துலேயே கையை வெச்சாங்க.

எங்க பள்ளிக்கூடத்துக்கும் ஸ்டூலோட வந்தாங்க ஒருதரம். ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்காக. நான் விடலை. 'அவன் சொல்லி இன்னொருத்தன் எழுதினா அது யாரோட பரீட்சை?'ன்னு கேட்டேன். ஸ்டாப் ரூமே கைதட்டுச்சு. அந்த அம்மா என் மூக்கைப் பார்த்தாங்க. 'கண்ணாடி போட்டுத்தானே ஐயா படிக்கறீங்க? அது உங்க படிப்பா, கண்ணாடியோட படிப்பா?' அதுக்கும் ஸ்டாப் ரூம் கைதட்டுச்சு. அந்த ஸ்டாப் ரூம் அப்படி. நான் பதில் சொல்றதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. பதில் இருந்துச்சு என்கிட்ட. இப்ப மறந்துபோச்சு.

என்ன, சட்டத்துல விரலை வெச்சுக் காட்டறீங்க? எழுத்து முத்து முத்தா இருக்குன்னுதானே? கம்ப்யூட்டர்ல டி.டி.பி. அடிச்ச பொண்ணு கெட்டிக்காரி. பார்டர்ல மயில் போட்டது அவளோட யோசனை. இருங்க, விஷயத்துக்கு வர்றேன்.

பெயிண்ட் கடை மாசிலாமணின்னு ஒருத்தர், நகர நற்பணி மன்றத்தோட செயலாளர். அவர் ஒருநாள் வந்து, 'வயலட் அம்மாவுக்கு எழுபது வயசு, விழா எடுக்கறோம், மடல் வேணும் புலவரே'ன்னார். எனக்குப் பெருந்தன்மை ஜாஸ்தி. சரின்னுட்டேன். பழைய பகையை மனசுல வெச்சுக்கிட்டா தமிழ் வருமா?

எழுதினேன்னா... உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க துறையூர்ல இறங்கிப் போயிடுவீங்க. தொழில் ரகசியம் இது. இருநூத்திப் பதினாலும் புதுசா எழுத நான் என்ன தறியா? மொத்தம் ஆறே ஆறு மடல்தான். கல்யாண மண்டப முதலாளிக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, இப்படி. ஆளுக்குத் தகுந்த மாதிரி அங்கங்க மாத்திக்கறது. இந்த அம்மாவுக்கு எது பொருந்தும்னு யோசிச்சேன். போன வருஷம் மின்சார வாரியத்துல ஒரு இன்ஜினியர் ரிட்டயர் ஆனார். அவருக்கு எழுதினது, 'இருளகற்றி ஒளிதந்த ஏந்தலே வாழி'ன்னு ஆரம்பிக்கும். பாருங்க, அச்சா பொருந்துது! அவர் வீட்டுக்கு வீடு விளக்கு எரிய வெச்சார், இவங்க பிள்ளைங்க மண்டையில எரிய வெச்சாங்க. டி.டி.பி. பொண்ணுகிட்ட போன்லேயே சொன்னேன். பேரை மாத்து, ஏந்தலைத் தாயாக்கு, மின்சாரம் வர்ற இடத்துல எல்லாம் பள்ளிக்கூடம் போடு. அரை மணி நேரத்துல அனுப்பிட்டா. பார்த்தேன், சரின்னு சொன்னேன். நான் எழுதினது எனக்கு மனப்பாடம், அதுல பார்க்க என்ன இருக்கு?

விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்த அம்மா ஒரு கண்டிஷன் போட்டாங்க. மடலைப் புலவர் வாசிக்கக் கூடாது, என் ஆளு ஒருத்தர் வாசிப்பார்னு. மாசிலாமணி வந்து கையைப் பிசையறார். இருநூத்திப் பதிமூணு மடலையும் வாசிச்ச தொண்டை தம்பி இது! 'அப்படின்னா எனக்கு விழாவே வேண்டாம்'னுட்டாங்களாம். ஸ்டூல் போட்ட புத்தி போகுமா. சரி, வாசிக்கட்டும்னேன். அப்புறம் மூணு தடவை ஆள் அனுப்பறாங்க, வாசிக்கிறவர் முன்னாடியே பார்த்துக்கணும், ஒரு நகல் வேணும்னு. குடுக்கலை நான். மடலை மேடைக்கு முன்னாடி யாருக்கும் காட்டறதில்லை, அது மரபு. யார் வெச்ச மரபா? நான்தான். சட்டம் கடையிலிருந்து வந்ததே ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பதே முக்காலுக்கு. பத்து மணிக்கு விழா.

போய் முன்வரிசையில உக்காந்தேன். பக்கத்துல யார் வந்து உக்காந்தாங்கறீங்க? என் பேத்தி நறுமுகை. நாலாவது படிக்கிறா. 'நீ எங்கே பாப்பா இங்கே?'ன்னேன். 'அப்பாதான் தாத்தா படிக்கப்போறார்'ங்கறா.

எனக்குத் தலை சுத்திருச்சு.

என் மகன் பேர் நாவரசு. வெச்சது நான்தான். நாவுக்கே அரசனா வருவான்னு வெச்சேன். அவன் நாக்கு அரசாண்டதை நான் பார்த்ததே இல்லை. ரெண்டாம் வகுப்புலேயே எழுத்தைப் பார்த்தா முழிப்பான். ஒரு வரி வாசிக்க அரை நாள். நான் சும்மா விட்டேன்னு நினைக்காதீங்க, பெத்தவன் ஆச்சே. தினம் சாயங்காலம் உக்கார வெச்சு, அவன் ஒரு எழுத்து சொன்னா மிச்சத்தை நானே சொல்லிக் குடுத்துடுவேன். ஒரு எழுத்துக்கு ஒரு குட்டு, அது தனி. பேச்சும் அப்படித்தான். 'அப்பா, வந்து...'ம்பான். என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரியுமே, நானே சொல்லி முடிச்சுடுவேன். அவனுக்குச் சிரமம் குறையுமில்ல? என் சம்சாரம் மட்டும் சொல்லிட்டே இருப்பா. 'நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடுங்க, அவனாப் பேசுவான்'னு. அவ போய் ஆறு வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் அந்த ஒரு குத்தம்தான் என்கிட்ட கண்டுபிடிச்சா, பாவம்.

பத்தாவதோட நின்னுட்டான். மண்ணச்சநல்லூர்ல அரிசி ஆலை மெஷினுக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கறான். நல்ல பேருதான். மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லுவானாம், முதலாளிங்க கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க. அது இருக்கட்டும், மெஷின் என்ன மடலா வாசிக்கச் சொல்லுது?

ரெண்டு வருஷம் முன்னாடி பாப்பாவுக்கும் வாசிக்க வரலைன்னு பள்ளிக்கூடத்துல சொல்லி, இந்த வயலட் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போயிருக்கான். அவங்க பாப்பாவைச் சோதிச்சுப் பார்க்கறதை ஓரமா நின்னு பார்த்தவன், 'எனக்கும் இப்படித்தாங்க இருக்கும்'னு சொல்லியிருக்கான். நாப்பது வயசுல! உடனே அவங்க, 'வாங்க, நீங்களும் உக்காருங்க'ன்னுட்டாங்க. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பனும் மகளும் ஒரே பெஞ்சுல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஏன் சொல்லலை? சொல்ல ஆரம்பிச்சிருப்பான், நான் வேற ஏதாவது சொல்லி முடிச்சிருப்பேன். எனக்கு ஞாபகமில்லை.

இருங்க தம்பி, எனக்குப் புரியுது, நீங்க ஏதோ சொல்லணும்ங்கறீங்க. மேடைக் கதை முடியட்டும். அதுதான் முக்கியம்.

அந்த அம்மாவுக்கு மேடையில பொன்னாடை போர்த்த வந்தாங்க. 'வேண்டாங்க, ஏற்கெனவே வேர்க்குது, துண்டு இருந்தா குடுங்க'ன்னாங்க. மாசிலாமணி நிஜமாவே ஒரு துண்டுக்கு ஆளை ஓட்டினார். அப்புறம் மைக்கைப் பிடிச்சு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாங்க. 'இப்ப ஒருத்தர் வாசிக்கப்போறார். எங்கேயாவது நிப்பார். அவர் நிக்கும்போது யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. இருமக்கூட வேண்டாம். வார்த்தை அவர்கிட்ட வரும். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும், அதுதான் எனக்கு விழா'ன்னாங்க. சொல்லும்போது யாரைப் பார்த்தாங்க? என்னைத்தான். நூத்தம்பது பேர்ல நான்தான் கிடைச்சேன்.

நாவரசு வந்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. சட்டத்தை மேஜை மேல சாய்ச்சு வெச்சான். விரலைக் கண்ணாடி மேல வெச்சான். விரல் கண்ணாடியில டக்டக்குனு படுது, அது மைக்ல கேக்குது. பாப்பா என் காதுல சொல்றா, 'தாத்தா, அப்பா பதினாறு வரியும் படிச்சுட்டா நானும் பள்ளிக்கூடத்துல எந்திரிச்சுப் படிக்கணும். அப்பாவுக்கும் எனக்கும் பந்தயம்.' விரலை நீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, எண்றதுக்கு.

ஆரம்பிச்சான். தம்பி, என் வாழ்க்கையில அவ்வளவு மெதுவா ஒரு மடலை யாரும் வாசிச்சதில்லை. முதல் வரிக்கே ஒரு காபி குடிச்சுட்டு வந்திருக்கலாம். 'இருளகற்றி'ங்கறதுல 'இருள்'ல ஒரு நிறுத்தம். எனக்கு வாய் அரிக்குது! ரெண்டு தடவை திறந்தேன், பாப்பா என் தொடையைக் கிள்ளினா. ஆனா ஒண்ணு சொல்றேன். மூணாவது வரியிலிருந்து நான் எழுதினது எனக்கே புதுசாக் கேட்டுச்சு. ஒவ்வொரு சொல்லா வந்து உக்காருது. இதை நான் மாசிலாமணிகிட்ட சொல்லலை, உங்ககிட்ட சொல்றேன்.

எட்டு வரி முடிச்சுட்டான். பாப்பா கையில எட்டு விரல் மடங்கிருச்சு. நானும் நாற்காலி நுனிக்கு வந்துட்டேன். படிச்சுடுவான் போலிருக்கேன்னு.

ஒன்பதாவது வரி. விரல் வரியோட ஆரம்பத்துல போச்சு, கடைசி வரைக்கும் நகர்ந்துச்சு. சத்தம் வரலை. விரல் திரும்ப ஆரம்பத்துக்கு வந்துச்சு. மறுபடி கடைசி வரைக்கும். மூணாந்தடவையும். வாயைத் திறந்தான், மூடிட்டான். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான் பாருங்க. ரொம்ப நேரம் பார்த்தான். எடுத்துக் குடுங்கப்பான்னு கேக்கறான், வேற என்ன? எனக்கு நாக்கு நுனியில நிக்குது அந்த வரி. 'பள்ளிகள் தோறும் ஏறி மேனியே வருந்தினாய் வாழி!' அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்? அகராதி பார்க்கற சொல் ஏதாவது இருக்கா? ஆனா அந்த அம்மா மேடையில ஒரு கையைத் தூக்கிட்டு நிக்கறாங்க, வாயைத் திறந்தா அங்கேயே ஸ்டூலைப் போட்டுடுவாங்க. நான் திறக்கலை.

அவன் மைக்கிட்ட குனிஞ்சான். 'இந்த ஒரு வரி எனக்கு வரலைங்க. மன்னிச்சுக்கோங்க'ன்னான்.

பின்னாடி எவனோ சிரிச்சான். அப்புறம் பத்தாவது வரிக்குப் போய், பதினொண்ணு, பன்னெண்டுன்னு பதினாறும் முடிச்சான். ரொம்பக் கஷ்டமான சொல் எல்லாம் பன்னெண்டாவது வரியிலதான் இருக்கு, அதையெல்லாம் வாசிச்சுட்டான்! மூணாங்கிளாஸ் பிள்ளை வாசிக்கிற ஒன்பதாவது வரியில போய் நின்னான். கைதட்டினாங்க. எனக்குக் கை எழும்பலை. பாப்பா தட்டலை. ஒன்பதாவது விரலை மடக்கறதா வேண்டாமான்னு தெரியாம பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா.

அவனோட நான் பேசலை. மாசிலாமணியோட ஸ்கூட்டர்ல ஏறி வந்துட்டேன்.

முந்தாநாள் அந்த அம்மா வீட்டுக்கே வர்றாங்க, கையில சட்டத்தோட. ஸ்டூல் கொண்டு வரலை, நானே நாற்காலி போட்டேன். 'ஐயா, இந்த மடல் என்கிட்ட வேண்டாம். நாவரசு வீட்டுல இருக்கணும். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க'ன்னாங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! இருநூத்திப் பதினாலு மடல்ல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. பல்டாக்டர் ஒருத்தர் பேஷன்ட் தலைக்கு மேலேயே மாட்டி வெச்சிருக்கார். இவங்க திருப்பிக் குடுக்கறாங்க. வாசல் வரைக்கும் போனவங்க திரும்பிப் பார்த்து, 'போறதுக்கு முன்னாடி ஒருதரம் வாசிச்சுப் பாருங்க ஐயா. விரல் வெச்சு'ன்னாங்க. விரல் வெச்சு! எனக்கு! எழுதினவனுக்கே! வாசிப்பேனா நான்? பழைய பேப்பர்கூடச் சுத்தலை, அப்படியே தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

இப்ப சொல்லுங்க, யார் மேல தப்பு? அவன் மேலதானே? நீங்க சொல்ல வர்றதும் அதுதான். இல்லையா? தலையை ஆட்டறீங்க. அப்ப வேற என்ன? வண்டி ஏறினதிலிருந்து நீங்களும் எட்டுப் பத்துத் தடவை வாயைத் திறந்துட்டீங்க. சரி. சொல்லுங்க. நான் குறுக்கே பேசலை.

பேசலைன்னு சொல்றேன்ல, மெதுவா சொல்லுங்க.

என்னது? ஒன்பதாவது வரியா? ஆமா, அதான் சொன்னேனே, பள்ளிகள் தோறும்... சரி, சரி. நீங்க படிங்க.

என்ன?

இன்னொருதரம் படிங்க.

விளையாடாதீங்க தம்பி. 'மின்கம்பம் தோறும் ஏறி'யா? எங்கே, இப்படித் திருப்புங்க. என் கண்ணாடி மேல்பையில இருக்கும். இருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... விரலை வெச்சுத்தான் எண்ணணும்... ஏழு, எட்டு, ஒன்பது. 'மின்கம்பம் தோறும் ஏறி மேனியே வருந்தினாய் வாழி.'

சிரிங்க தம்பி, சிரிங்க. எழுபது வயசு அம்மாவை ஊர்ல உள்ள மின்கம்பம் எல்லாத்துலேயும் ஏத்திவிட்டிருக்கேன். அந்த இன்ஜினியரே ஒரு கம்பத்துலேயும் ஏறினவரில்லை. மாத்துன்னு சொன்னேனே அந்தப் பொண்ணுகிட்ட. மத்த இடமெல்லாம் மாத்தியிருக்கா, பாருங்க. இதை மட்டும் விட்டுட்டா. அவளைச் சொல்லி என்ன, நானும்தானே பார்த்தேன். பார்த்து என்ன படிச்சேன்? மனசுல இருந்ததைப் படிச்சுட்டு சரின்னேன். டி.டி.பி. பொண்ணு படிக்கலை, நான் படிக்கலை, காலையில சட்டத்தை வாங்கிப் பார்த்து 'பிரமாதம் புலவரே'ன்ன மாசிலாமணி படிக்கலை. தமிழ் படிச்சவங்க ஒருத்தர்கூட இதைப் படிக்கலை.

அவன் ஒருத்தன்தான் படிச்சிருக்கான்.

விரல் மூணு தடவை போச்சுன்னு சொன்னேன் இல்லையா? கடைசி வரைக்கும் போச்சே தம்பி. வராதவன் விரல் நடுவுல நின்னுல்ல போகும்? படிச்சிருக்கான். நம்பமுடியாம மறுபடி படிச்சிருக்கான். மறுபடியும். அப்புறம் என்னைப் பார்த்தான். எடுத்துக் குடுக்கச் சொல்லிக் கேக்கறான்னு நினைச்சேன் நான். அவன் கேட்டது வேற. இதைப் படிக்கட்டுமாப்பா, வேண்டாமான்னு கேட்டிருக்கான்.

படிச்சிருந்தா மண்டபமே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும். யாரைப் பார்த்து? என்னை. அவனை இல்லை. அவன் ஜெயிச்சிருப்பான். பதினாறுக்குப் பதினாறு. பாப்பா பதினாறும் எண்ணி முடிச்சிருப்பா. இருநூத்திப் பதினாலு மடல் எழுதின புலவன், பெத்த மகனுக்கு எழுத்துக்கு ஒரு குட்டு வெச்சவன், அவன் வண்டவாளம் மைக்ல வந்திருக்கும். நானா இருந்தா விட்டிருப்பேனா? சத்தியமா விட்டிருக்கமாட்டேன் தம்பி. ரெண்டு தடவை வாசிச்சிருப்பேன்.

எனக்கு வரலைங்கன்னுட்டான். அத்தனை பேர் முன்னாடி, மகள் முன்னாடி. இத்தனை வருஷமா எந்தச் சொல்லை அவன் மேல ஒட்டி வெச்சேனோ, அதையே எடுத்துத் தலையில போட்டுக்கிட்டான்.

அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்துல நின்னாங்களே. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லமாட்டாங்க. எடுத்துக் குடுக்கக் கூடாதே. நானாப் படிக்கட்டும்னு காத்திருந்திருக்காங்க.

நான் அவனைத் திட்டறதுக்கு எட்டு வரியில வசனம் வேற தயார் பண்ணி வெச்சிருந்தேன்.

பாப்பாகிட்ட நான்தான் சொல்லணும். உங்கப்பா பதினாறு வரியும் படிச்சான் பாப்பா, ஒண்ணை மட்டும் சத்தமாப் படிக்கலை, ஒன்பதாவது விரலை நீ மடக்கலாம்னு. ஏன் சத்தமாப் படிக்கலைன்னு கேப்பா. அதையும் நான்தான் சொல்லணும். கம்பத்துக் கதையைக் கேட்டா ஒரு வாரம் சிரிப்பா. சிரிக்கட்டும்.

என்ன தம்பி, இன்னும் ஏதோ இருக்கா? சொல்லுங்க, சொல்லுங்க, நான் வாயே திறக்கலை.

மண்ணச்சநல்லூரா? எப்போ? பத்து நிமிஷம் ஆச்சா? நீங்க அதையும் சொல்லத்தான் பார்த்தீங்களா? ஐயோ, உங்களைப் பேசவே விடலையே நான். கண்டக்டர்! நீங்களாவது... ஆமா, நான்தான் சொல்ல வேண்டாம்னேன். சரி, அடுத்த ஸ்டாப்ல நிறுத்துங்க. இந்தச் சட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோங்க தம்பி, போனை எடுக்கணும். வண்டியில வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன். எழுத்து பொடிசா இருக்கு, அந்த நம்பரை நீங்களே அழுத்துங்க. பேர் இருக்கும் பாருங்க, நாவரசு.

ஹலோ. நாவரசா? அப்பாதான். உன் ஊருக்குத்தான் வந்தேன், தாண்டிப் போயிட்டேன். ஆமா, சட்டம் கையிலதான் இருக்கு. வாசிச்சேன்டா. இப்பத்தான். விரல் வெச்சு.

'அப்பா, அது வந்து'ன்னு ஆரம்பிச்சுட்டு நின்னுட்டான் தம்பி. சத்தத்தையே காணோம். லைன்லதான் இருக்கான், பின்னாடி மில்லு ஓடுற சத்தம் கேக்குது. என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரியாது. வேண்டாம், நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க.

கண்டக்டர், ஸ்டாப் வந்தா வரட்டும். விசிலைக் கொஞ்சம் ஊதாம இருங்க. என் மகன் பேசிட்டிருக்கான்.